அமால்ஃபி கடலோரச் சாலை: காரெடுத்துப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் மெட்டா தி சொரெண்டோவிலிருந்து வியெத்ரி சுல் மாரே வரை போகும் எஸ்.எஸ். 163 சாலை ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். அதை நம்பி ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கோடையில் ஒரு வளைவில் பேருந்தும் வேனும் எதிரெதிரே மாட்டிக்கொண்டாலே போதும், பின்னால் எல்லாம் நின்றுவிடும். காலை ஏழு மணிக்குள் கிளம்புங்கள். ஒரு நாளைக்கு இரண்டு ஊர் தாராளம்.

கிழக்கு முனையில் வியெத்ரிக்கு அடுத்துள்ள சலெர்னோவிலிருந்து தொடங்குவது பலர் செய்யும் தவறு. இத்தாலியில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். சொரெண்டோவிலிருந்து கிழக்கே போனால் கடல் உங்கள் பக்கமே இருக்கும். எதிர்வரிசையைக் கடக்காமலே ஓரமாக நிறுத்திப் பார்க்கலாம்.

பெரிய கார் வேண்டவே வேண்டாம். ஃபியட் பாண்டா அளவு போதும். கியர் மாற்றிப் பழகாதவர்கள் ஆட்டோமேட்டிக் காரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். நம் ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இன்னொரு சிக்கல்: ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதால், தம்மையறியாமல் காரை வலது ஓரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். வலப்பக்கக் கண்ணாடி கைப்பிடிச் சுவரில் உரசுவது அதனால்தான். சுவரைப் பார்க்காமல், உங்கள் இடது தோளுக்கு அருகே ஓடும் நடுக்கோட்டை அளவாக வைத்து ஓட்டுங்கள்.

வளைவுக்கு அப்பால் பேருந்தின் ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். அது திரும்பும்போது இரண்டு தடத்தையும் எடுத்துக்கொள்ளும். பாதி வளைவில் நுழைந்த பிறகு பின்னால் எடுக்கலாம் என்றால், அதற்குள் உங்கள் பின்னால் நாலு கார் ஒட்டி நிற்கும்.

நம்பர் பிளேட்டைப் பார்க்காமல் நாள் குறிக்காதீர்கள். 2022 முதல் வியெத்ரிக்கும் இதே சாலையிலுள்ள பொசித்தானோ என்ற ஊருக்கும் இடையே, ஆகஸ்ட் முழுவதும், மற்றச் சில மாதங்களில் வார இறுதிகளிலும், காலை 10 முதல் மாலை 6 வரை கட்டுப்பாடு உண்டு: ஒற்றைப்படைத் தேதியில், பிளேட்டின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக உள்ள கார் ஓடக்கூடாது, இரட்டைக்கும் அப்படியே. விலக்குகள் மாறுவதால், பயணத்துக்கு முன் அந்த ஆண்டின் உத்தரவைப் பாருங்கள்.

பொசித்தானோவின் உள்சாலை ஒருவழி. இறங்கும்போது பார்க்கிங்கைத் தவறவிட்டால், மேலேறி முழுச் சுற்றும் சுற்றித்தான் மறுபடி வர முடியும். அமால்ஃபியில் பாறைக்குள் குடைந்த லூனா ரோஸா கார் நிறுத்தத்திலிருந்து சுரங்கவழியாக ஊருக்குள் நடக்கலாம். அதுவும் நிரம்பும் ஆகஸ்டில், காரைச் சலெர்னோவில் விட்டுவிட்டுப் படகில் அமால்ஃபிக்குப் போய்விடுங்கள்; சுமார் 35 நிமிடம்.