கொழும்புக்கு வரும் உறவினருக்கு ஈடிஏ எடுப்பது எப்படி? கட்டுநாயக்கவில் முத்திரை விழும்வரை ஒவ்வொரு படியாக

ஆடி பிறந்தால் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயாது. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற ரொறன்ரோ மாமி, பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற லண்டன் சித்தப்பா, கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து வருகிற சிநேகிதர் குடும்பம் என்று ஒருவர் மாறி ஒருவர் எடுப்பார்கள். கேள்வி மட்டும் ஒன்றுதான்: "தம்பி, இப்ப இலங்கைக்கு விசா தேவையில்லையாமே, மெய்யே?"

பதில் சொல்லிச் சொல்லியே விண்ணப்பம் நிரப்புவது எனக்குக் கைவந்துவிட்டது. முதல்தடவை வருகிறவர்களும், அவர்களுக்காக இங்கிருந்து நிரப்பிக் கொடுக்கிற உறவினரும் தடுமாறக் கூடாது என்பதற்காக இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்

விசா இலவசம் என்பது வேறு, விசா தேவையில்லை என்பது வேறு. எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை.

சிங்கப்பூர், மாலைதீவு, சீஷெல்ஸ் ஆகிய மூன்று நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஈடிஏ எடுக்காமலே வரலாம். மற்றவர்கள் வருமுன் மின்னணுப் பயண அனுமதி எடுக்க வேண்டும். 2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்த அனுமதியைத்தான் எல்லோரும் ஈடிஏ என்கிறோம். 2023 நவம்பரில் இந்தியா, சீனா, ரஷ்யா, ஜப்பான், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா ஆகிய ஏழு நாட்டவருக்கு அதைக் கட்டணமில்லாமல் கொடுக்கத் தொடங்கினார்கள். வாய்க்கு வாய் செய்தி பரவியபோது 'கட்டணமில்லாமல்' என்பது 'விசா இல்லாமல்' ஆகிவிட்டது. விலக்கப்பட்டது காசு மட்டும். விண்ணப்பமும் அனுமதியும் அப்படியேதான் இருந்தன.

சென்னைச் சிநேகிதர் ஒருவர் இதை நம்பி, வயதான தாயாரையும் அழைத்துக்கொண்டு விமான நிலையம் போய்விட்டார். பெட்டி போடுகிற இடத்தில் "ஈடிஏ எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். தாயாரைச் சக்கர நாற்காலியில் ஓரமாக விட்டுவிட்டு, கைபேசியில் விண்ணப்பத்தை நிரப்பியபடியே எனக்கு அழைத்தார். அனுமதி நேரத்துக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அந்த அம்மா பட்ட பதற்றம் வீண் பதற்றம்தானே.

கட்டண விலக்குப் பட்டியல் அரசாங்கத்தின் முடிவுப்படி மாறும். போன வருடம் வந்தவர் சொன்னதை வைத்துக்கொள்ளாமல், விண்ணப்பிக்கிற அன்று அரசாங்கத் தளத்தின் கட்டணப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

படி 1: எந்தக் கடவுச்சீட்டில் வருகிறார்?

பிறந்தது யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ, இங்கே அது கணக்கில் வராது. கையில் இருப்பது கனடாக் கடவுச்சீட்டு மட்டும் என்றால் அவர் கனடியர், ஈடிஏ வேண்டும். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டி உள்ளே வரலாம், அவர்களுக்கு விசாப் பேச்சே இல்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குத் தனித்தனி ஈடிஏ எடுக்க வேண்டும். 12 வயதுக்குக் கீழ் என்றால் கட்டணம் இல்லை, ஆனால் கைக்குழந்தைக்கும் விண்ணப்பம் போட்டே ஆகவேண்டும்.

படி 2: கடவுச்சீட்டைக் கையில் எடுங்கள்

வந்திறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இதைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

அடுத்து, படம் இருக்கிற பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருக்கும். வரிக்கு 44 எழுத்து, நடுநடுவே இடப்பக்கம் பார்க்கிற அம்புக்குறிகள். நம்மவர்களில் பலர் அந்த வரிகளைக் கவனிப்பதே இல்லை. இயந்திரம் வாசிப்பது அதைத்தான். மேல்வரியில் நாட்டுக் குறியீட்டை அடுத்து வருவது குடும்பப் பெயர். அதன்பின் இரட்டை அம்புக்குறி, அதற்குப் பிறகு மற்றப் பெயர்கள். விண்ணப்பத்திலும் இதே பிரிப்பு இருக்க வேண்டும். நம் பெயர்களில் இதுதான் பெரிய சிக்கல். தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால், ஊரில் எழுதுவதோ தலைப்பெழுத்து மட்டும். வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள், கல்யாணப் பத்திரிகையில் எப்படிப் போட்டார்கள் என்பதையெல்லாம் மறந்துவிடுங்கள். அந்த வரியில் எது குடும்பப் பெயரோ அதுவே விண்ணப்பத்திலும் குடும்பப் பெயர். சுருக்காமல், கூட்டாமல், எழுத்துக்கு எழுத்து.

இலக்கத்திலும் அதே கவனம் வேண்டும். மாமியின் கடவுச்சீட்டு இலக்கம் இரண்டு எழுத்தில் தொடங்கி ஆறு எண்களில் முடிவது. அவர் வாட்சப்பில் அனுப்பிய மங்கலான படத்தைப் பார்த்து, மூன்றாவது இடத்தில் இருந்த பூச்சியத்தை 'ஓ' என்று அடித்துவிட்டேன். அனுமதியும் வந்தது, அந்தத் தவறான இலக்கத்துக்கே. கட்டுநாயக்க விமான நிலையத்தில் மாமியின் பெயரில் எதுவுமே காட்டவில்லை. ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து வந்த 71 வயது மனுஷி, மறுபடி வரிசையில் நின்று, மறுபடி காசு கட்டி வெளியே வந்தார். "பரவாயில்லையடா" என்றார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அன்றிலிருந்து படத்தைப் பார்த்து மட்டும் நிரப்புவதில்லை. தொலைபேசியில் அவர்களை ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்த பிறகே அனுப்புகிறேன். இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஓர் எழுத்து, ஏழு எண்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டில் ஒன்பதுமே எண்கள். எண்ணிப் பார்த்தாலே பாதிப் பிழை பிடிபடும்.

படி 3: சரியான தளத்துக்குப் போங்கள்

குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் ஈடிஏ தளம் மட்டும்தான் அரசாங்கத் தளம். முகவரி 'ஈடிஏ' என்று தொடங்கி, ஒரு புள்ளி, 'ஜிஓவி', இன்னொரு புள்ளி, 'எல்கே' என்று முடியும். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் விளம்பரம் கொடுத்த தனியார் தளங்கள். சிங்கக் கொடி போட்டு அரசாங்கத் தளம் போலவே இருக்கும், கட்டணத்தோடு சேவைக் காசும் சேர்த்து எடுத்துவிடும். முடிவில் 'ஜிஓவி புள்ளி எல்கே' இல்லாவிட்டால் அட்டை இலக்கத்தைக் கொடுக்காதீர்கள்.

பழைய காணொளிகளைப் பார்த்து நிரப்புகிறவர்களுக்கு ஒரு விசயம். 2024 ஏப்ரலில் ஈடிஏயை நிறுத்தி, வெளிநாட்டு நிறுவனங்கள் நடத்தும் புதிய இ-விசா முறையைக் கொண்டுவந்தார்கள். அது பெரிய சர்ச்சையாகி வழக்கானது. ஆகஸ்ட் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. செப்டெம்பர் இறுதியில் பழைய ஈடிஏயே திரும்பி வந்தது. ஆகவே அந்த இடைக்காலத்தில் எடுத்த காணொளிகளில் தளமும் வேறு, கட்டணமும் வேறு. ஈடிஏ திரும்பியபோது 30 நாள் சுற்றுலா அனுமதிக்கு சார்க் அமைப்பிலுள்ள தெற்காசிய நாட்டவர் 20 டொலரும் ஏனையோர் 50 டொலரும் கட்ட வேண்டியிருந்தது. வந்திறங்கிய பிறகு விமான நிலையத்தில் எடுத்தால் அதைவிடக் கூட. எப்படியும் முன்கூட்டியே எடுப்பதுதான் நல்லது.

படி 4: நிரப்புதல்

விண்ணப்பத்தை அவரே போடலாம், அவருக்காக நீங்களும் போடலாம். மூன்றாம் ஆள் விண்ணப்பிக்கத் தனிப் பிரிவு இருக்கிறது. மின்னஞ்சல் கேட்கிற இடத்தில், பயணம் செய்கிறவர் விமானம் ஏறுமுன் திறந்து பார்க்கக்கூடிய முகவரியைக் கொடுங்கள்.

நாட்டுரிமை என்ற இடத்தில் கடவுச்சீட்டின் நாடு. பிறந்த நாடு என்ற இடத்தில் இலங்கை என்றால் இலங்கை என்றே போடுங்கள். புலம்பெயர்ந்த சிலர் இந்த இடத்தில் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். கடவுச்சீட்டிலேயே பிறந்த இடம் அச்சாகியிருக்கிறது, மாற்றி எழுதினால்தான் சிக்கல். இலங்கை முகவரிக்கு, தங்கப்போகிற வீட்டின் முகவரி போதும். கடைசியில் ஆம், இல்லை என்று பதில் சொல்கிற மூன்று கேள்விகள் வரும்: இலங்கையில் வதிவிட விசா இருக்கிறதா, செல்லுபடியாகும் ஈடிஏயுடன் இப்போது இலங்கையில் இருக்கிறீர்களா, பலமுறை நுழையும் விசா இருக்கிறதா. புதிதாக வருகிறவருக்கு மூன்றுக்கும் 'இல்லை'.

நோக்கத்தைத் தெரிவு செய்யும்போதுதான் நன்றாக யோசிக்க வேண்டும். சுற்றிப் பார்ப்பது, உறவினரைப் பார்ப்பது, ஆயுர்வேத சிகிச்சை எல்லாம் சுற்றுலாவில் அடங்கும். ஆனால் கொழும்பில் ஓர் அரங்கேற்றத்துக்குச் சென்னையிலிருந்து பக்கவாத்தியக்காரரை அழைக்கிறீர்கள் என்று வையுங்கள். கலை, இசை, நடன நிகழ்ச்சிகளில் பங்குபற்றுவது வணிக நோக்கத்தின் கீழ் வருகிறது. கருத்தரங்கும் குறுகிய காலப் பயிற்சியும் அப்படியே. "சும்மா சுற்றுலா என்று போடுங்கோ, ஆர் கேக்கப்போகினம்" என்று சொல்லி ஒரு கலைஞரை வரவழைக்காதீர்கள். மேடையேறிய பிறகு பிரச்சினை வந்தால் தலைகுனிவது அவர், அழைத்த நீங்கள் அல்ல. கொழும்பில் விமானம் மாறுகிறவர்களுக்கு இரண்டு நாள் வரையான இடைத்தங்கல் அனுமதி இலவசம்.

படி 5: இரண்டு மின்னஞ்சல்கள்

அனுப்பியதும் முதலில் வருவது விண்ணப்பம் கிடைத்தது என்ற அறிவித்தல். அது அனுமதி இல்லை. அதைப் பார்த்துவிட்டு 'விசா வந்திட்டுது' என்று குடும்பக் குழுவில் போடுகிறவர்கள் உண்டு. அடுத்து வருகிற, அங்கீகரிக்கப்பட்டது என்று சொல்லும் கடிதத்துக்காகக் காத்திருங்கள். வராவிட்டால் குறிப்பு இலக்கத்தைக் கொடுத்துத் தளத்திலேயே நிலையைப் பார்க்கலாம். வந்ததும் பெயரையும் இலக்கத்தையும் மறுபடி ஒப்பிட்டு, ஒரு பிரதி அச்செடுத்துக் கடவுச்சீட்டுக்குள் வையுங்கள்.

படி 6: வந்திறங்கும் நாள்

ஈடிஏ கையில் இருந்தாலும் உள்ளே விடுவதா என்று முடிவு செய்வது மேசையில் இருக்கும் குடிவரவு அதிகாரிதான். திரும்பிப் போகும் டிக்கெட், தங்குமிட முகவரி, செலவுக்குப் பணம் இருப்பதற்கான அத்தாட்சி மூன்றையும் ஓர் உறையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். வருகை அட்டைக்குக் காசு இல்லை, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் வழியாக வருகிறவர்களிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள்.

கட்டுநாயக்க மட்டும்தான் வாசல் என்றில்லை. 2019 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துப் பலாலி சர்வதேச விமான நிலையமானது. 2023 ஒக்ரோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. எங்கள் அப்பப்பா எழும்பூரில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கோட்டைக்கு வந்து சேர்ந்தவர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்தப் பாதை போயிற்று. காங்கேசன்துறைக் கப்பலைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. கிட்டடிதானே என்று ஆதார் அட்டையோடு மட்டும் கிளம்பிவிடாதீர்கள். கப்பலுக்கும் கடவுச்சீட்டும் ஈடிஏயும் வேண்டும்.

முத்திரை குத்தியதும், மேசையை விட்டு நகருமுன் திகதியைப் பாருங்கள். பிழை இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லித் திருத்திக்கொள்வது லேசு. பிறகு சுங்கம். 15,000 டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பணத்தை அறிவிக்க வேண்டும். கல்யாணத்துக்கென்று அதிகம் நகை கொண்டுவருகிறவர்கள் பச்சை வழியில் நழுவப் பார்க்காமல் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள். கல்யாணப் படம் எடுக்க ட்ரோன் கொண்டுவந்தால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.

நாட்களை எண்ணுதல்

சுற்றுலா ஈடிஏ 30 நாளுக்கு, இரண்டு தடவை நுழையலாம். சேலை எடுக்க நடுவில் சென்னைக்குப் போய் வருவது நம்மவர் வழக்கம். போய்வந்தால் கணக்குப் புதிதாகத் தொடங்காது, முதல் வருகையிலிருந்தே ஓடும். கனடாக் கடவுச்சீட்டுக்கு இந்திய விசாவும் தனியாக எடுக்க வேண்டும். மாதமாக எண்ணாமல், வந்த நாளையும் சேர்த்து நாளாக எண்ணுங்கள்: ஆகஸ்ட் 5 வந்தவருக்கு முப்பதாவது நாள் செப்டெம்பர் 3.

கூடுதலாகத் தங்க வேண்டுமென்றால் அந்தத் திகதிக்கு முன்னரே நீடிப்புக்கு விண்ணப்பியுங்கள். இணையத்தில் செய்யலாம், இல்லையென்றால் பத்தரமுல்லை சுஹுருபாயவில் இருக்கிற திணைக்களத் தலைமையகத்துக்குப் போகலாம். போவதானால் காலையிலேயே வெளிக்கிடுங்கள். கடவுச்சீட்டோடு அதன் படப் பக்கத்தினதும் முத்திரைப் பக்கத்தினதும் பிரதிகளையும், திரும்பும் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.