ஏழு சகோதரிகளைக் குழப்பாமல் நினைவில் வைப்பது எப்படி?

ஏழு சகோதரிகள் என்று அழைக்கப்படும் வடகிழக்கு மாநிலங்களை மனப்பாடம் செய்யாதீர்கள், இரண்டே நாளில் மறந்துவிடும். ஒரு தாளை எடுத்து நடுவில் அசாமை வரையுங்கள். மற்ற ஆறு சகோதரிகளுக்கும் அதனுடன் எல்லை உண்டு, அதனால் அதுதான் ஆணி. அப்புறம் வடக்கில் தொடங்கி கடிகார முள் போகும் திசையில் அருணாச்சலப் பிரதேசம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம், திரிபுரா, மேகாலயா என்று எழுதிக்கொண்டே வாருங்கள், படம் தானாகவே மனதில் பதியும்.

சரி, பெயர்கள்? அவற்றைப் பிரித்துப் பாருங்கள், நமக்கு இது ரொம்பவே சுலபம். மேகம், ஆலயம் சேர்ந்தால் மேகாலயா, அதாவது மேகங்களின் இருப்பிடம். அருணாச்சலம் திருவண்ணாமலையில் நாம் தினமும் கேட்கும் பெயர்தான், ஆனால் அங்கே அதற்கு விடியல் ஒளி படும் மலைகளின் நாடு என்று பொருள் சொல்கிறார்கள். 1972 வரை அந்தப் பகுதியை நேஃபா (NEFA, அதாவது வடகிழக்கு எல்லைப்புற முகமை) என்றுதான் அழைத்தார்கள், எவ்வளவு வறண்ட பெயர் பாருங்கள்! மிசோரமில் வரும் 'ராம்' கடவுள் பெயர் இல்லை, மிசோ மொழியில் நிலம் என்று பொருள். இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

வினாடி வினாவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: மேகாலயாவுக்கு அசாம் மட்டுமே அண்டை மாநிலம், தெற்கே வங்கதேசம். 1975-இல் இந்தியாவுடன் இணைந்த சிக்கிமுக்கும் ஒரே அண்டை மாநிலம்தான், அது மேற்கு வங்கம்.