மரக் கடைசல்: லேத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில மாதங்களாக என்னிடம் லேத்தில் (மரத்தைச் சுழலவிட்டு உளியால் செதுக்கும் இயந்திரம்) கடைசல் கற்றுக்கொள்ள இரண்டு மூன்று பேர் வருகிறார்கள். அவர்கள் செய்யும் தவறுகளில் பாதி நானும் ஆரம்பத்தில் செய்தவைதான். பக்கத்தில் நின்று பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. மோதிரத்தைக் கழற்றுவது, சட்டைக் கையை மடிப்பது, கையுறை போடாமல் இருப்பது எல்லாம் முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

நேற்றைய வேகத்தில் இன்றைய மரம்

இத்தனை வருடம் ஆகியும் எனக்கு ஆறாத கோபம் இந்தத் தவறின் மேல்தான்.

ஒருநாள் மாலை முழுக்க உளிகளுக்குக் கைப்பிடி கடைந்துகொண்டிருந்தேன். எல்லாம் 2 அங்குலத்துக்கும் குறைவான கட்டைகள். நிமிடத்துக்கு 2,500 சுற்று வைத்திருந்தேன், அந்த அளவுக்கு அது சரிதான். வேலை முடிந்ததும் அப்படியே அணைத்துவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் காலை, கிண்ணம் கடைய 10 அங்குலப் பச்சைக் கட்டை ஒன்றை ஃபேஸ் பிளேட்டில் (கட்டையைத் திருகுகளால் பிடிக்கும் வட்டத் தகடு) ஏற்றினேன். ஒரு பக்கம் பட்டை இருந்ததால் எடை சமமாக இல்லை. திருகுகளை இறுக்கினேன், கையால் ஒரு சுற்றுச் சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்தேன். வேகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஸ்விட்சைப் போட்டதும் லேத் மொத்தமும் குதித்தது. அணைக்கக் கை போவதற்குள் கட்டை திருகுகளைப் பிய்த்துக்கொண்டு பறந்து, எதிர்ச்சுவரின் காரையைப் பெயர்த்தது. சுழல்தண்டு வளைந்துவிட்டது. பேரிங்கோடு சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது, கிட்டத்தட்ட ஒரு மாதம் வேலை இல்லை. ஸ்விட்ச் இடது ஓரத்தில் இருந்ததால் நான் கட்டைக்கு நேராக நிற்கவில்லை. நின்றிருந்தால் முகக்கவசம் கூடக் காப்பாற்றியிருக்காது. சில்லுகளையும் சிறு துண்டுகளையும்தான் அது தடுக்கும், முழுக் கட்டையை அல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 அங்குலக் கட்டை 2,500 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 600 சுற்றில் அது 29 கிலோமீட்டர்தான். எடை சமமில்லாத கட்டை லேத்தை உலுக்கும் விசை இன்னும் மோசமாக ஏறும். வேகம் 4 மடங்கானால் விசை 16 மடங்கு.

கடைபவர்கள் பரவலாக வைத்துக்கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு. விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்றால் பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் நடுவில் வர வேண்டும். 10 அங்குலத்துக்கு 600 முதல் 900. அதுவும் கட்டை வட்டமாகி, எடை சமமான பிறகுதான். கோணல் கட்டையை அதற்கும் கீழே, லேத்தின் மிகக் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். டெயில் ஸ்டாக்கை (கட்டையின் மறுமுனையைத் தாங்கும் பாகம்) முடிந்தவரை கட்டையோடு முட்டுக்கொடுத்தே வைத்திருங்கள்.

போன வாரம் ஒரு தம்பி என் தவறையே செய்யப் போனான். ஸ்விட்சில் கை வைத்தவனை நிறுத்தி, பெல்ட் மூடியைத் திறக்கச் சொன்னேன். பெல்ட் அதிக வேகத்துக்கான பள்ளத்தில் இருந்தது. "பார்த்தேன்னுதான் நினைச்சேன் அண்ணே" என்றான். அன்று காலை நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் கவனமெல்லாம் மரத்தில் இருக்கிறது, வேகமோ மூடிக்குள் ஒளிந்திருக்கிறது. குமிழ் திருகும் லேத்திலும் இதே கதைதான், விட்ட இடத்திலேயே குமிழ் நிற்கும்.

அதனால் நான் தொடங்கும்போது பார்ப்பதை மட்டும் நம்புவதில்லை. முடிக்கும்போதே வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுகிறேன். பெல்ட் லேத் என்றால் பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் குறைந்த வேகத்துக்கு மாற்றிவிட்டுத்தான் பட்டறையைப் பூட்டுகிறேன். மறுநாள் மறந்தாலும் கட்டை மெதுவாகத்தான் சுற்றும். ஓடவிட்டதும் கட்டையின் நேர்க்கோட்டை விட்டு விலகி அரை நிமிடம் நிற்கிறேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறேன். அதிர்வு தெரிந்தால் உடனே ஒரு படி இறக்கிவிடுவேன்.

"மெதுவாக ஓடினால் வழவழப்பு வராது" என்று சொல்லித்தான் பலர் வேகத்தை ஏற்றுகிறார்கள். வழவழப்பு வராததற்குப் பெரும்பாலும் மழுங்கிய உளிதான் காரணம். லேத்தை நிறுத்திவிட்டு உளியைத் தீட்டுங்கள்.

சாவி

சக்கில் (கட்டையைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) அதை இறுக்கும் சாவி இருக்கும்வரை அதிலிருந்து கையை எடுக்காதீர்கள்.

கிண்ணத்தில் ரஃபிங் கவுஜ்

கம்பு போன்ற நீளக் கட்டைகளை உருளையாக்கத்தான் இந்த உளி. பெரிதாக, உறுதியாகத் தெரிவதால் புதியவர்கள் இதையே கிண்ணத்துக்கும் எடுக்கிறார்கள். கைப்பிடிக்குள் போகும் அதன் வால் பெரும்பாலும் மெல்லிய பட்டையாக இருக்கும். கிண்ணம் ஒவ்வொரு சுற்றிலும் குறுக்கு முகத்தை (நார்கள் வெட்டுப்பட்ட பக்கத்தை) இரண்டு முறை உளிக்குக் காட்டுகிறது. அந்த அடியில் வால் முறிந்தால் கைப்பிடி மட்டும்தான் கையில் மிஞ்சும். கிண்ணத்துக்கு முழு உருளைக் கம்பியில் செய்த பவுல் கவுஜ் இருக்கிறது, அதை எடுங்கள்.

எந்த உளியானாலும் வரிசை ஒன்றுதான். முதலில் டூல் ரெஸ்ட்டில் (உளியைத் தாங்கும் பாகம்) ஊன்றுங்கள், அடுத்து உளியின் சரிவு மரத்தை உரசட்டும், அப்புறம்தான் கூர். கூரை முதலில் கொடுத்தால் மரம் உளியைக் கவ்வி இழுத்துவிடும்.

டூல் ரெஸ்ட் இடைவெளி

மரம் மெலிய மெலிய அதற்கும் டூல் ரெஸ்ட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அகலும். லேத்தை நிறுத்திவிட்டு நெருக்கி வையுங்கள். ஓடும்போது தொடாதீர்கள்.

உப்புத்தாளும் துணியும்

தேய்க்கும் முன் டூல் ரெஸ்ட்டைக் கழற்றி ஓரமாக வையுங்கள். இல்லையென்றால் விரல் அதற்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டும். பாலிஷ் போடத் துணி வேண்டாம், காகிதம் எடுங்கள். சுழலும் மரத்தில் மாட்டினால் காகிதம் கிழிந்துவிடும். துணி கிழியாது, விரலைச் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும்.

தூசி

உளியில் வரும் சுருள்களைவிட உப்புத்தாளில் வரும் தூள் ஆபத்தானது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே வகைப்படுத்தியிருக்கிறது. மூக்கில் கைக்குட்டை கட்டினால் நுண்தூள் நிற்காது, தூசிக்கென்று செய்த முகமூடி வேண்டும். லேத் நின்ற பிறகும் அந்தத் தூள் காற்றில் வெகுநேரம் மிதந்துகொண்டிருக்கும். அதனால் தேய்த்து முடித்த கையோடு முகமூடியைக் கழற்றாதீர்கள், பெருக்கும்போதும் அது முகத்திலேயே இருக்கட்டும்.