தங்கத்தின் மேல் தங்கம்: செஃபாலூ முறையில் ஒளிவட்டப் பயிற்சிப் பலகை

சிசிலித் தீவின் செஃபாலூ பேராலயத்தில், பலிபீடத்துக்கு மேலுள்ள அரைக் குவிமாடத்தை நிறைத்திருக்கிறது கிறிஸ்துவின் மார்பளவு மொசைக். அங்குள்ள கல்வெட்டு வரி சொல்லும் ஆண்டு 1148. அவர் ஏந்திய திறந்த நூலில் ‘உலகின் ஒளி நானே’ என்ற வசனம் கிரேக்கத்திலும் லத்தீனிலும் இருக்கிறது. ஒளிவட்டமும் தங்கம், பின்புலமும் தங்கம். ஆனாலும் வட்டம் தனியே தெரிகிறது. இதற்கு நிறத்தை விட, சில்லுகள் (மொசைக்கில் பதிக்கும் சிறு கண்ணாடித் துண்டுகள்) ஓடும் திசையும் சாய்வும்தான் காரணம். அதைக் கை பழக 30 × 30 செ.மீ. பலகை ஒன்று போதும்.

அடித்தளத்துக்குச் சுடுமண் பலகையே நல்லது. சுண்ணாம்புக் காரை பிடிக்க, ஈரம் உறிஞ்சும் தளம் வேண்டும். முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள். முதல் பூச்சு 10 மி.மீ.: நன்கு நீற்றிய சுண்ணாம்பு விழுது 1 பங்கு, பருமணல் 2, செங்கல் தூள் 1. கரணையால் பரப்பி, ஈரமாக இருக்கும்போதே குறுக்கும் நெடுக்கும் கீறிவிடுங்கள். கையுறை கட்டாயம், சுண்ணாம்பு தோலை அரிக்கும்.

பூச்சு இறுகும் நாட்களில் சில்லு வெட்டலாம். உளிமுனை மேல்நோக்கி நிற்கும்படி மரக்கட்டையில் பதித்து, அதன்மேல் கண்ணாடியை வைத்து, முனைக்கு நேர் மேலே சுத்தியலால் ஒரே தட்டு. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தங்கச் சில்லில் தங்க ரேக்கு, அதாவது மிக மெல்லிய தங்கத் தகடு, இரண்டு கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவே இருக்கிறது. மேலடுக்கு மிக மெல்லியது. மழுங்கிய சுத்தியல் அந்தத் தோலை உரித்துவிடும், ரேக்கு வெளியே வந்து சுரண்டப்படும். அப்படி உரிந்ததை ஒதுக்குங்கள். 1 செ.மீ. சில்லும் 1 மி.மீ. இடைவெளியும் என்றால் சுமார் 750 சில்லுகள். வெட்டுச் சேதத்துக்குச் சேர்த்து 860 வைத்துக்கொள்ளுங்கள்.

பதிக்கும் சாந்து: சுண்ணாம்பு விழுது 2 பங்கு, பளிங்குத் தூள் 3. அடிப்பூச்சை நனைத்து, அன்று பதிக்க முடிந்த அளவுக்கு மட்டும் 12 மி.மீ. கனத்தில் போடுங்கள். முழுப் பலகைக்கும் ஆசைப்பட்டுப் பூசினால் ஓரம் காய்ந்து சில்லு ஒட்டாது. ஈரச் சாந்தின்மேல் மஞ்சள் காவியால் கோடு வரைந்து, தங்கம் வரும் இடமெல்லாம் காவி தீட்டுங்கள். பிறகு இடுக்குகளில் வெள்ளை பல்லிளிக்காது.

கீழ் இடது மூலையில் ஆணி அடித்து, நூலால் 20 செ.மீ. ஆரத்தில் கால்வட்டம் போடுங்கள். முதலில் அந்தக் கோட்டில் சிவப்புச் சில்லு ஒரு வரிசை, சுமார் 28. அதன் உள்ளே தங்க வரிசைகள் வளைவை ஒட்டியே போகட்டும். ஆரம் 6 செ.மீ.க்குக் குறையும்போது சதுரம் உதவாது. உட்புறம் குறுகலாக வெட்டவேண்டும். வெளியே இரண்டு வரிசை மட்டும் வளைவை அணைத்துச் செல்லும், அதற்கப்பால் நேர்க் கிடைவரிசை. இந்த இரண்டு வரிசையை விட்டால் பின்புலம் வட்டத்தில் முட்டி உடைந்தது போல் தெரியும். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

குவிமாடத்தின் வளைவே வெளிச்சத்தைப் பலபக்கம் திருப்பிவிடுகிறது. தட்டையான பலகையில் அதைக் கையால் உண்டாக்கவேண்டும்: சில்லின் மூன்றில் இரண்டு பங்கு சாந்துக்குள் போகட்டும், கீழ் விளிம்பை மேல் விளிம்பைவிட 2 முதல் 3 மி.மீ. ஆழமாக அழுத்துங்கள். முகம் கீழே நிற்பவரை நோக்கிச் சாயும். எல்லாச் சில்லும் ஒரே சாய்வில் வேண்டாம், சற்றே மாறட்டும். மட்டப்பலகை வைத்துச் சமன்படுத்தினால் தகரத் தகடு மாதிரி ஒரே பளபளப்பு, நகர்ந்தால் அணைந்துவிடும். மேலே சாந்து பூசித் துடைக்கவும் கூடாது. அழுத்தும்போது இடுக்கில் ஏறும் சாந்தே போதும்.

நாள் முடிவில் மிஞ்சிய சாந்தைச் சாய்வாக அறுத்து எடுங்கள். இணைப்பு சிவப்புக் கோட்டை ஒட்டி வந்தால் கண்ணில் படாது, தங்கத்தின் நடுவே வந்தால் தழும்புதான்.

ஒரு வாரம் ஈரத்துணி மூடியிருக்கட்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுத்தான் கல்லாகிறது, அதற்கு ஈரம் தேவை. வெயிலில் வைத்தால் பொடியாகிச் சில்லு கழன்று வரும். பலகையை நிமிர்த்த நான்கு வாரம் பொறுங்கள். பிறகு விரல் கணுவால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று வெற்றொலி கேட்டால் அந்த இடத்தில் பூச்சு பிடிக்கவில்லை. சில்லுகளை எடுத்து, சாந்தைச் சுரண்டி, நனைத்து மறுபடி பதிக்கவேண்டும்.