கடையில் கார்டு எண் தங்கக் கூடாது

கார்டில் பணம் வாங்கும் கடைக்காரர் முதலில் செய்ய வேண்டியது, கார்டு விவரம் கடைக்குள் எங்கெங்கே கிடக்கிறது என்று தேடுவது. போன் ஆர்டர் எழுதிய நோட்டு, வாட்ஸ்அப்பில் வந்த கார்டு போட்டோ, எக்ஸெல் ஷீட், அதன் பேக்கப் இருக்கும் பென்டிரைவ் என்று பார்த்து எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். 2022 அக்டோபர் 1 முதல் ஆன்லைனில் வாங்குவோரின் கார்டு எண்ணை, கார்டு கொடுத்த வங்கியும் விசா, ரூபே போன்ற கார்டு நெட்வொர்க்கும் தவிர யாரும் சேமிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கணக்கு சரிபார்க்கக் கடைசி 4 இலக்கமும் வங்கியின் பெயரும் போதும். கார்டின் ரகசிய எண்ணான சிவிவியை எழுதி வைக்கவே வேண்டாம். போனில் ஆர்டர் வந்தால் எண் கேட்காமல் பேமென்ட் லிங்க் அனுப்புங்கள்.

பலரும் கோட்டை விடுவது, வெளியிலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்கும் எனிடெஸ்க் மாதிரியான ரிமோட் வசதியில். பில்லிங் சாஃப்ட்வேர்காரர் தன் வசதிக்கு நிரந்தர பாஸ்வேர்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார். அதையே நாலு கடைக்கும் வைத்திருந்தால், ஒரு கடையில் கசிந்தது எல்லாக் கடையையும் திறந்துவிடும். 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி கார்டு விவரம் பறிபோனபோதும், திருடர்கள் நுழைந்தது ஏசி ஒப்பந்தக்காரரின் லாகின் வழியாகத்தான். அங்கே அவர்கள் போட்ட மால்வேர் (திருட்டு சாஃப்ட்வேர்), சேமித்து வைத்த ஃபைலைத் தேடவில்லை. கார்டைத் தேய்த்த நொடியில் மெமரியில் ஓடிய எண்ணை அள்ளியது. ஆகவே அழிப்பது மட்டும் போதாது. நிரந்தர பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் நீங்கள் அனுமதித்தால்தான் உள்ளே வரும்படி வையுங்கள். கார்டு எண்ணைக் கம்ப்யூட்டரில் டைப் செய்யவே கூடாது. வங்கி தந்த ஸ்வைப் மெஷினோடு அது நிற்கட்டும்.

மெஷினில் சிம் இருந்தால் அதிலேயே ஓட்டுங்கள். இல்லையென்றால், மெஷின் ஓடும் வைஃபையில் சேராதபடி வாடிக்கையாளர் போன்களுக்கு ரவுட்டரில் தனி கெஸ்ட் வைஃபை திறந்துவிடுங்கள். ரவுட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டு அப்படியே இருந்தால் இந்தப் பிரிப்பு வீண். சிசிடிவி கேமரா, பின் நம்பர் அடிக்கும் கீபேடைப் பார்க்காதபடி திருப்புங்கள்.

மெஷினின் சீரியல் எண்ணைக் குறித்து, வாரம் ஒருமுறை ஒப்பிடுங்கள். "பேங்க்ல இருந்து வர்றோம், மெஷின் மாத்தணும்" என்று வருபவரை உட்காரவைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே உள்ள வங்கி எண்ணுக்குப் பேசுங்கள். கியூஆர் ஸ்டிக்கர் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டுவதும் நடக்கிறது. கடை திறந்ததும் ஸ்கேன் செய்து பெயரைப் பாருங்கள்.

விவரம் கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கம்ப்யூட்டரை அணைக்கவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம். மெமரியில் உள்ள தடயம் போய்விடும். மெஷின் தந்த வங்கிக்கு உடனே சொல்லுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அங்கும் தெரிவிக்க வேண்டும்.