வீட்லயே எலக்ட்ரானிக்ஸ் கத்துக்கலாம்: ஒரு மீட்டர், ஒரு பிரெட்போர்டு, மூணு சர்க்யூட்

எலக்ட்ரானிக்ஸ் கத்துக்கணும்னு ஆசைப்படுறவங்க நிறைய பேர் மொதல்ல ஒரு ஆர்டுயினோ கிட் (கோட் எழுதி ஓட்டுற சின்ன போர்டு) வாங்கிடுறாங்க, கோட காப்பி பண்ணி எல்இடிய மின்ன வைக்கிறாங்க, அப்புறம் என்ன பண்றதுன்னு புரியாம பெட்டி பரண்ல ஏறிடுது. ஆர்டுயினோ நல்ல சாமான்தான், ஆனா ரெசிஸ்டர் (கரன்ட்ட மட்டுப்படுத்துற பார்ட்) எதுக்கு போடுறோம், டிரான்சிஸ்டர் என்ன வேலை பாக்குதுன்னு தெரியாம அதுல இறங்கினா பாதி விஷயம் மந்திரம் மாதிரியே இருக்கும். அதனால நான் யார் கேட்டாலும் சொல்றது, கொஞ்ச நாள் கோடே வேணாம், வெறும் சர்க்யூட் மட்டும் போடுங்க, பவர் குடுக்குறதுக்கு முன்னாடி எந்த எடத்துல எவ்ளோ வோல்ட் வரும்னு ஒரு நோட்ல எழுதுங்க, அப்புறம் மீட்டர வச்சு பாருங்க. எழுதினதும் மீட்டர் காட்டுறதும் ஒத்து வரலன்னா அங்கதான் நீங்க புதுசா ஒண்ணு கத்துக்கப் போறீங்க.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், வெல கம்மியானதே போதும், ஆனா கன்டினியூட்டில (ரெண்டு முனைக்கு நடுவுல இணைப்பு இருக்கான்னு பாக்குற செட்டிங்) பீப் சத்தம் வருமான்னு கேட்டு வாங்குங்க. ஒரு பிரெட்போர்டு (ஓட்டைல பார்ட்ட சொருகியே சர்க்யூட் போடுற பலகை), 9 வோல்ட் பேட்டரி, அதுக்கு கிளிப். ரெசிஸ்டர் 470 ஓம், 1கே (அதாவது 1000 ஓம்), 10கே, 100கே ஒவ்வொண்ணுலயும் பத்து. செவப்பு எல்இடி கொஞ்சம், பிசி547 டிரான்சிஸ்டர் அஞ்சு, எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி ரெசிஸ்டன்ஸ் மாறுற பார்ட்) ஒண்ணு, 555 டைமர் ஐசி (எட்டு கால் உள்ள சின்ன சிப்) ரெண்டு. கெப்பாசிட்டர்ல (சார்ஜ சேத்து வைக்கிற பார்ட்) 104ன்னு போட்ட சின்ன செராமிக் (அதான் 0.1 மைக்ரோஃபேரட்), 10 மைக்ரோஃபேரட், 100 மைக்ரோஃபேரட். ஒரு சின்ன 8 ஓம் ஸ்பீக்கர். வயர் ஒத்தக் கம்பியா இருக்கணும், பின்னல் வயர் பிரெட்போர்டு ஓட்டைக்குள்ள நொழையாது. சென்னைல இருந்தா அண்ணா சாலை பக்கத்துல ரிச்சி ஸ்ட்ரீட் போனா எல்லாம் ஒரே நடைல கெடச்சிடும், மத்த ஊர்ல டிவி மெக்கானிக்குங்க எந்தக் கடைல பார்ட்ஸ் வாங்குறாங்கன்னு விசாரிங்க.

ஒரு விஷயம் கண்டிப்பா. இது எல்லாமே பேட்டரில மட்டும்தான். வீட்டு 230 வோல்ட் லைன் பக்கம் போகவே கூடாது, பழைய சார்ஜர், டிவி போர்டெல்லாம் பார்ட்ஸ் கழட்டலாம்னு இப்போதைக்குத் தொறக்காதீங்க, அதுக்குள்ள இருக்குற பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல சார்ஜ் ஆகும், பிளக்க புடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் அந்த சார்ஜ் அப்படியே நிக்கும்.

மொதல்ல எந்த பார்ட்டும் வேணாம், பிரெட்போர்டையும் மீட்டரையும் மட்டும் எடுங்க. மீட்டர கன்டினியூட்டில வச்சு ரெண்டு ஓட்டைல ரெண்டு வயர் சொருகி எது எதோட பேசுதுன்னு பாருங்க. நடுவுல அஞ்சு அஞ்சு ஓட்டையா ஒண்ணா சேந்திருக்கும், நடுப் பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் தனித்தனி, ஓரத்துல போற நீளக் கோடு பவருக்கு. பெரிய போர்டு சிலதுல இந்த ஓரக் கோடு பாதில கட் ஆகியிருக்கும், அது தெரியாம ரொம்ப நேரம் மண்டைய ஒடச்சுக்கிறவங்க நிறைய பேர். மீட்டர்ல இன்னொண்ணு, செவப்பு புரோப் எப்பவும் வோல்ட் ஓட்டைலயே இருக்கட்டும், ஆம்பியர் ஓட்டைல வச்சு பேட்டரிய தொட்டா அது நேரடி ஷார்ட், ஃபியூஸ் போயிடும். பவர் இருக்கும்போது ஓம் அளக்காதீங்க.

இப்ப மொத சர்க்யூட். பேட்டரி பிளஸ்லேந்து 470 ஓம், அதுலேந்து எல்இடியோட நீளக் கால், குட்டக் கால் மைனஸுக்கு. அவ்ளோதான், ஆனா இதுல உக்காந்து ஒரு சாயங்காலம் முழுக்க செலவு பண்ணலாம், பண்ணணும். செவப்பு எல்இடி சுமாரா 2 வோல்ட் எடுத்துக்கும், 9ல 2 போனா 7, அந்த 7 வோல்ட்டும் ரெசிஸ்டர் மேலதான் விழணும், 7ஐ 470ஆல வகுத்தா சுமாரா 15 மில்லி ஆம்பியர். இத எழுதி வச்சுட்டு ரெசிஸ்டர் ரெண்டு முனைலயும் அளங்க, எல்இடி ரெண்டு முனைலயும் அளங்க, ரெண்டையும் கூட்டினா பேட்டரி வோல்ட்டேஜ் வரும். இப்ப 470ஐ எடுத்துட்டு 1கே, அப்புறம் 10கே போடுங்க. கரன்ட் இருவது மடங்கு கொறஞ்சிருக்கும், ஆனா எல்இடி மேல இருக்குற வோல்ட்டேஜ் லேசாதான் எறங்கியிருக்கும், எங்கேயோ 1.8 பக்கம் நிக்கும். எல்இடி ஓம் விதிக்கு (வோல்ட்டேஜும் கரன்ட்டும் ஒரே விகிதத்துல ஏறி எறங்கும்ங்கிற விதி) அடங்குற சாமான் இல்லன்னு இங்க உங்களுக்கே தெரியும், ரெசிஸ்டர் இல்லாம நேரா பேட்டரில வச்சா ஏன் கருகுதுன்னும் புரிஞ்சிடும். அடுத்து ரெண்டு எல்இடி வரிசையா, மூணு, நாலு, அஞ்சு. ஒவ்வொண்ணு சேக்குறதுக்கு முன்னாடியும் கணக்குப் போடுங்க, அஞ்சாவதுல ஏன் மங்கிப் போகுதுன்னு பேப்பரே முன்கூட்டி சொல்லிடும்.

ரெண்டாவது டிரான்சிஸ்டர். பிசி547ஓட தட்டையான பக்கம் உங்களப் பாத்து, கால் கீழ இருக்குற மாதிரி புடிச்சா எடதுலேந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பிளஸ்லேந்து 470, எல்இடி, அப்படியே கலெக்டருக்கு. எமிட்டர் மைனஸுக்கு. பேஸ்லேந்து 1கே போட்டு ஒரு வயர வெளிய நீட்டி விடுங்க, பிளஸ்லேந்தும் ஒரு வயர் நீட்டுங்க. ரெண்டு வயர் முனையயும் ஒரே வெரலால தொட்டா எல்இடி எரியும். உங்க தோல் வழியா போற கரன்ட் சில மைக்ரோ ஆம்பியர்தான், அத டிரான்சிஸ்டர் நூத்துக்கணக்கான மடங்கு பெருக்கி எல்இடிக்குக் குடுக்குது, வெரல ஈரமாக்கினா இன்னும் பளிச்சுன்னு எரியும். வீட்ல பசங்க இருந்தா கண்டிப்பா கூப்ட்டு காட்டுங்க.

அதே சர்க்யூட்ட ராத்திரி லைட்டா மாத்தலாம். வெரலுக்கு வச்ச வயரும் 1கேயும் எடுத்துடுங்க, பிளஸ்லேந்து பேஸுக்கு 100கே, பேஸ்லேந்து மைனஸுக்கு எல்டிஆர். வெளிச்சத்துல எல்டிஆரோட ரெசிஸ்டன்ஸ் கம்மி, கரன்ட் அது வழியாவே மைனஸுக்கு ஓடிடும், இருட்டுல ரெசிஸ்டன்ஸ் ஏறும், கரன்ட் பேஸுக்குள்ள போகும், எல்இடி எரியும். கையால மூடி மூடி பாத்துக்கிட்டே பேஸ்ல மீட்டர வைங்க. 0.6, 0.7 வோல்ட் வந்ததும் அங்கயே நின்னுடும், எவ்ளோ இருட்டாக்கினாலும் அதுக்கு மேல ஏறாது.

மூணாவது 555. ஹான்ஸ் கேமன்சிண்ட் 1971ல சிக்னெடிக்ஸ் கம்பெனிக்காக டிசைன் பண்ண ஐசி, 1972ல கடைக்கு வந்தது, இன்னிக்கும் எந்தப் பார்ட்ஸ் கடைலயும் கெடைக்குது. வெட்டு இருக்குற பக்கத்த மேல வச்சா எடது மேல்கால் 1, அப்படியே எடது பக்கம் கீழ எறங்கி வலது பக்கம் மேல ஏறி 8ல முடியும். 1 மைனஸ், 8உம் 4உம் பிளஸ். 8க்கும் 7க்கும் நடுவுல 10கே, 7க்கும் 6க்கும் நடுவுல 100கே, 6யும் 2யும் ஒண்ணா சேத்துடுங்க, அங்கேந்து மைனஸுக்கு 10 மைக்ரோஃபேரட், அதுல கோடு போட்ட கால் மைனஸ் பக்கம். 3லேந்து 470, எல்இடி, மைனஸ். சுமாரா ஒன்ற செகண்டுக்கு ஒரு தடவ மின்னும்.

மின்னிடுச்சுன்னு விட்டுடாதீங்க, இதுல உள்ள அழகே இனிமேதான். 10 மைக்ரோஃபேரட எடுத்துட்டு 100 போடுங்க, பத்து மடங்கு மெதுவாகும். இப்ப கெப்பாசிட்டர் மேல மீட்டர வச்சு பாருங்க, 3 வோல்ட்லேந்து மெல்ல ஏறி 6 பக்கம் வந்ததும் எல்இடி அணையும், திரும்ப எறங்கி 3க்கு வந்ததும் எரியும், இப்படியே போயிட்டிருக்கும். பவர்ல மூணுல ஒரு பங்கு, மூணுல ரெண்டு பங்கு, இந்த ரெண்டு எல்லையத்தான் 555 உள்ள மூணு சமமான ரெசிஸ்டர வச்சு பிரிச்சு வச்சிருக்கு. டேட்டாஷீட்ல (கம்பெனி குடுக்குற விவரத்தாள்) படிச்சா ஒரு வரி, கண்ணால பாத்தா மறக்கவே மறக்காது. அப்புறம் 104 செராமிக்க போட்டு, எல்இடிக்குப் பதிலா ஸ்பீக்கர வைங்க, 470 அங்கயே இருக்கட்டும். கொர்ருன்னு மெதுவா ஒரு சத்தம் வரும். 100கே எடத்துல எல்டிஆர வச்சு கைய மேலயும் கீழயும் ஆட்டுங்க, சத்தம் கூடவே ஏறி எறங்கும்.

வேல செய்யலன்னா ஒடனே பார்ட்ட மாத்தாதீங்க, புதுசா கத்துக்கும்போது பெரும்பாலும் தப்பு வயர்லதான் இருக்கும். மொதல்ல ஐசியோட 8ம் கால்லயும் 1ம் கால்லயும் நேரா மீட்டர வச்சு 9 வோல்ட் வருதான்னு பாருங்க, பேட்டரிலயோ ஓரக் கோட்டுலயோ வச்சு பாத்தா பத்தாது. அப்புறம் எல்இடி திரும்பியிருக்கா, ஏதாவது ஒரு கால் பக்கத்து வரிசைல நொழஞ்சிருக்கா, ஐசியோட கால் அடில மடங்கிப் போச்சான்னு வரிசையா பாருங்க. ரெசிஸ்டர் கலர் கோடு மாறிப்போறது ரொம்ப சகஜம், 1கே பழுப்பு கருப்பு செவப்பு, 10கே பழுப்பு கருப்பு ஆரஞ்சு, சந்தேகமா இருந்தா கழட்டி மீட்டர்ல அளந்துட்டு போடுங்க.

சால்டரிங் (உலோகத்த உருக்கி பார்ட்ட போர்டுல ஒட்டுறது) இதுக்கப்புறம்தான், 25 வாட் அயர்ன் ஒண்ணும் ஒரு துண்டு ஓட்டை போர்டும் போதும், ஜன்னல தொறந்து வச்சுட்டு பண்ணுங்க, ஈய சால்டரா இருந்தா முடிச்சதும் கைய சோப்பு போட்டு கழுவணும். மொத சால்டரிங்குக்கு அந்த ராத்திரி லைட்டே சரியான சர்க்யூட், மொத்தமே நாலஞ்சு பார்ட்தான், ஐசி கெடையாது, சூடு ஏறிப் போனாலும் நஷ்டம் சில ரூபாய்தான்.