பாதத்தில் நரம்புக் கட்டி: கண்டறிவதிலும் சிகிச்சையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதத்து நரம்புகளின் உறையிலிருந்து வளரும் ஷ்வானோமா, நியூரோஃபைப்ரோமா ஆகிய கட்டிகள் அரிதானவை; பெரும்பாலும் புற்றுநோய் அல்லாதவை. அரிதானவை என்பதாலேயே அவை மருத்துவரின் நினைவுக்கு வராமல், குதிகால் வலி என்றோ முதுகுத்தண்டில் நரம்பு அழுந்துகிறது என்றோ கருதப்பட்டு, நோயாளி ஆண்டுக்கணக்கில் வேறு சிகிச்சை பெறுவதுண்டு. உள்ளங்காலில் எரிச்சலும் மரத்துப்போதலும் நீடித்தால், இடுப்பை மட்டும் ஸ்கேன் எடுத்துவிட்டு நிற்கக் கூடாது. கணுக்காலின் உட்புறமாக இறங்கும் நரம்பின் பாதை முழுவதையும் விரலால் தடவி, மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் தட்டியதும் விரல்நுனி வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் சுரீரென்றால், அங்கே நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று பொருள். நரம்புக் கட்டி பக்கவாட்டில் அசையும். நரம்பின் நீளவாக்கில் அவ்வளவாக அசையாது.

பாதத்தைத் தடவும்போது தட்டுப்படும் கட்டியை நீர்க்கட்டி என்று முடிவுசெய்து, ஸ்கேன் இல்லாமலே ஊசியால் உறிஞ்ச முயல்வது எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. அந்த ஊசி நேராக நரம்பிழைகளுக்குள் இறங்கலாம். அல்ட்ராசவுண்டிலும் ஷ்வானோமா சில வேளைகளில் நீர்க்கட்டி போலவே கறுத்துத் தெரியும் என்பதால், கட்டிக்குள் ரத்த ஓட்டம் இருக்கிறதா, அதன் இரு முனைகளிலும் நரம்பு தொடர்கிறதா என்று தேட வேண்டும். ஐயம் நீடித்தால் மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. உதவும்: நீர்க்கட்டியில் ஓரம் மட்டுமே ஒளிரும், திசுக்கட்டியில் உட்புறமும் ஒளிரும்.

பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது விரல்களுக்கிடையே வரும் மார்ட்டன் நியூரோமா உண்மையில் கட்டியன்று, நரம்பைச் சுற்றிய தடிப்பு. அகலமான காலணியும் ஸ்டீராய்டு ஊசியும் அதற்குப் பயன்படலாம். ஷ்வானோமாவை அவை கரைக்காது.

அறுவை சிகிச்சையில் கட்டியோடு நரம்பையும் சேர்த்து வெட்டிவிடுவது மீளாத இழப்பு. உள்ளங்காலில் உணர்ச்சி போனால், காயம் பட்டதுகூடத் தெரியாமல் புண் ஆழமாகிவிடும். ஷ்வானோமா பொதுவாக நரம்பிழைகளை ஒதுக்கித் தள்ளி வளர்வதால், உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையோடு உறையை நீளவாக்கில் திறந்து, இழைகளைக் காத்து, கட்டியை மட்டும் பிதுக்கி எடுத்துவிட முடியும். முழுமையாக எடுத்தால் அது மீண்டும் வருவது அரிது. நியூரோஃபைப்ரோமாவோ இழைகளுக்குள் பின்னிக்கிடக்கும். ஆகவே எதை விட்டுவைப்பது என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். தொந்தரவு தராத சிறு கட்டியைக் கண்காணித்தாலே போதும்.

தோலில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட பழுப்புத் திட்டுகள் இருந்தால், நரம்புகளில் பல கட்டிகளை உண்டாக்கும், பரம்பரையாகவும் வரக்கூடிய நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற நோய் உள்ளதா என்று பார்க்காமல் விடக் கூடாது. அந்நோயில் கட்டி புற்றாக மாறும் வாய்ப்பு கூடுதல். வேகமாக வளரும் கட்டி, ஓய்விலும் விடாத வலி, புதிதாகத் தோன்றும் தசை பலவீனம் ஆகியவற்றைக் கண்டால், கத்தி வைப்பதற்கு முன்பே இத்தகைய கட்டிகளில் அனுபவமுள்ள மையத்திற்கு அனுப்பி, பயாப்சி எனும் திசுப் பரிசோதனையை அங்கேயே செய்ய வேண்டும்.